கப்பியில் காய்ந்த துணி

மேசையின் இரண்டாவது இழுப்பறையில் மூன்று டேப்புகள் இருக்கின்றன. மஞ்சள் டேப்பின் முனை கால் அங்குலம் தேய்ந்துவிட்டது. அதை நம்ப வேண்டாம். அளவு நோட்டில் கடைசிக் கட்டத்தை மட்டும் நான் கையால் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன். அச்சடித்த கட்டங்கள் எதற்கு என்பதை உங்களுக்கு முதலாளி சொல்லிவிடுவார். நான் சேர்த்த கட்டம் எதற்கு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மூன்றாண்டுகள் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டே, கல்லூரி முடிந்த பிற்பகல்களிலும் விடுமுறை நாள்களிலும் இந்தக் கடையில் வேலை செய்தேன். வரும் திங்களன்று மேற்படிப்புக்குச் சென்னை போகிறேன். இருபத்தொரு வயதில் 'ஓய்வு பெறுகிறேன்' என்று சொன்னால், கடையில் பொருத்து வேலை பார்க்கும் பிரபு சிரிப்பார். ஆனாலும் என் இடத்துக்கு நீங்கள் இருவர் வருகிறீர்கள். அந்த அளவில் நான் ஓய்வு பெற்றவள்தான்.

நம் வேலை எளியது போலத் தோன்றும். வீட்டில் சைக்கிள் நிறுத்தத் தாங்கியும், பொருள் வைக்க ரேக்கும் கேட்டு வருகிறார்கள். நாம் போய் இடத்தை அளந்து, ஏற்றதைத் தேர்ந்து சொல்ல வேண்டும்; பின்கட்டுப் பட்டறையில் வெல்டிங் ஆனதும் பிரபு போய்ப் பொருத்துவார். இதற்குப் பெண்கள் எதற்கு என்று நானும் முதல் நாளில் கேட்டேன். ஆம்பூரில் நாம் போகும் நேரத்தில் ஆண்கள் தோல் பதனிடும் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ இருப்பார்கள். அப்போது பல வீடுகளில் வெளி ஆண் உள்ளே வரும் வழக்கம் இல்லை. ஆகவே பிரபு வாசலில் நின்று, வீட்டுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி நோட்டைப் பிடித்திருப்பார். நாம் உள்ளிருந்து எண்களைச் சொல்ல வேண்டும், அவர் எழுதுவார். இதன் பொருளை நான் வெகுகாலம் உணரவில்லை. அந்த வீட்டுக்குள் கடையின் கண் நாம் மட்டுமே. நாம் பார்க்காததை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

முதல் ஆண்டில் என் பிழைகள் சிரிக்கத் தக்கவை. ஒரு வீட்டில் வாசற்கதவு சாத்தியிருக்கும்போது சுவரை அளந்தேன். இரட்டைச் சைக்கிள் தாங்கி அங்கே அச்சில் வார்த்ததைப் போலப் பொருந்தியது. கதவு மட்டும் அதன் பிறகு பாதிதான் திறந்தது. பட்டறையில் மாற்றுத் தாங்கி தயாராகும்வரை ஒரு வாரம் அந்தக் குடும்பம் பக்கவாட்டில் திரும்பி வீட்டுக்குள் நுழைந்தது. அந்த வீட்டம்மா என்னைத் திட்டவில்லை. "நீ வந்தப்புறம் எல்லாரும் எளைச்சிட்டோம்மா" என்று மட்டும் சொன்னார். கதவைத் திறந்தும் மூடியும் அளக்க வேண்டும் என்று அன்று கற்றேன். எண்களை இன்னும் கவனமாகக் குறித்தால் பிழையே வராது என்றும் அன்று நம்பத் தொடங்கினேன். இந்த இரண்டாவது நம்பிக்கைதான் என்னை ரெஹானா அக்காவின் வீட்டுக்கு அழைத்துப் போனது.

ரெஹானா அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பழைய வீட்டின் பின்பகுதியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். ஷூவின் மேற்பாகத்தை இங்கே எல்லோரும் அப்பர் என்பார்கள். அதைக் கையால் தைக்கும் வேலையை வீட்டிலேயே செய்பவர். ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருக்கும் ஏஜெண்டிடமிருந்து அப்பர் மூட்டையைச் சைக்கிளில் கட்டி எடுத்து வருவார். அவரும் அக்கம்பக்கத்துப் பெண்கள் மூவரும் அந்த அறையில் உட்கார்ந்து தைப்பார்கள். தைத்ததை மறுநாள் திருப்பிக் கொண்டுபோவார். அறையில் நால்வரும் மூட்டையும் போகச் சைக்கிளுக்கு இடமில்லை. அது வாசலிலிருந்து அவர் அறைவரை செல்லும் நீண்ட நடையில் நின்றது. தெருவில் நிறுத்திய முந்தைய சைக்கிளை ஏற்கெனவே யாரோ ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

முன்பகுதியில் வீட்டுக்காரர் குடும்பம். எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்றும், அவர் மனைவியைப் பாபி, அதாவது அண்ணி, என்றும் அழைத்தேன். பாபியின் புடவை அந்தச் சைக்கிளின் பெடலில் மாட்டி, அவர் விழுந்து, கணுக்கால் பிசகிவிட்டது. நான் முதன்முறை போன செவ்வாய்க்கிழமை அவர் கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டி, நடையின் முகப்பிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சைக்கிள் மேல எனக்கு இன்னா கோவம்? பெடல் மேலதான். ஆனா அவுரு கேக்கல" என்றார் பாபி.

"வெள்ளிக்கெழம தொழுதுட்டு வரும்போது நடைல சைக்கிள் இருக்கக் கூடாதுன்னுட்டாரு பாய்" என்றார் ரெஹானா அக்கா. "இருந்தா, பேரணாம்பட்டுல என் தம்பி வூட்டுக்கு லாரில ஏத்திடுவாராம். அது போய்ட்டா மூட்டைய தலைல வெச்சிக்கினு கேட்டைத் தாண்ட முடியுமா மேடம்? நான் எடுத்தாரலன்னா இவுங்க மூணு பேருக்கும் வேலை இல்ல."

நடையின் அகலம் மூன்றடி மூன்றங்குலம். நீளம் இருபதடி. உயரம் பதினோரடி. நான் சொல்லச் சொல்ல வாசலில் பிரபு எழுதினார். உயரத்தைச் சொன்னபோது எனக்கே உள்ளம் துள்ளியது. பழைய வீடு, மேலே தேக்கு உத்தரங்கள், தரையில் இல்லாத இடம் தலைக்கு மேல் தாராளமாக இருந்தது. நம் கடையில் அப்போதுதான் கப்பித் தாங்கி வந்திருந்தது. உத்தரத்தில் இரண்டு கப்பிகள். சைக்கிளின் கைப்பிடிக்கும் சீட்டுக்கும் ஒவ்வொரு கொக்கி. சுவரோரம் தொங்கும் நைலான் கயிற்றை இழுத்தால் சைக்கிள் அப்படியே மேலே ஏறிவிடும். கயிற்றைச் சுவரிலுள்ள பூட்டில் மாட்டிவிட்டால் போதும். கீழே ஏழடி இடைவெளி. யாரும் தாராளமாக நடக்கலாம்.

ரெஹானா அக்காவின் சைக்கிளையும் அளந்தேன். அப்போது அவர் விரல்களில் கறுப்பு ரப்பர்ப் பட்டைகள் சுற்றியிருப்பதைக் கண்டேன். சைக்கிள் டியூபை வெட்டிய பட்டைகள் அவை. என் ஊர் நெசவுக்குப் பேர்போன குடியாத்தம். நூல் எனக்குத் தெரியும், தோல் தெரியாது.

"பஞ்சர் எல்லாம் நீங்களே ஒட்டிப்பீங்களா அக்கா?" என்றேன். பாராட்டாகத்தான் கேட்டேன்.

அவர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஆமா மேடம். டெய்லி பஞ்சர்தான்" என்றார். உள்ளே தைத்துக்கொண்டிருந்த மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தோம் என்று கேட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை மாலை, பாய் வீட்டிலிருந்த நேரத்தில், கப்பித் தாங்கி ஏறியது. பிரபு ஒரே இழுப்பில் சைக்கிளை உத்தரத்துக்கு அனுப்பியபோது தெருக் குழந்தைகள் கைதட்டினார்கள். நடை வெறுமையாக நீண்டு கிடந்ததைப் பார்த்து பாயும் தலையசைத்தார். அவர் தோல் ஷாப்பில் தோலைத் தரம் பிரிப்பவர். தலையசைப்பதற்கு மேல் எதையும் பாராட்டாதவர். அன்றைய நோட்டில் 'நிறைவு' என்று எழுதிக் கீழே அடிக்கோடும் இட்டேன். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, நீங்கள் பார்க்கலாம்.

எங்கள் கல்லூரிக்கு வெள்ளி விடுமுறை. கடையின் ஸ்டேட்டஸில் போட ஒரு படம் எடுக்கலாம் என்று, பகல் பன்னிரண்டரைக்குப் பிரபுவின் மொபெட்டில் அங்கே போனேன். ஆண்கள் தொழுகைக்குப் போய்விட்டதால் தெரு அமைதியாக இருந்தது. பிரபு வழக்கம்போல் தெருவைப் பார்த்து நின்றார். நான் உள்ளே நுழைந்தேன்.

உத்தரத்தில் துணி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கொக்கிகளுக்கும் நடுவே ஒரு மூங்கில் கழியைக் கட்டி, அதில் பாவாடை, துண்டு, தலையணை உறை, பாபியின் துப்பட்டா எல்லாம் வரிசையாக ஏறியிருந்தன. அவற்றின் நேர் கீழே, நடையில், சைக்கிள் நின்றது.

"நல்ல சாமான் குடுத்தேம்மா" என்றார் பாபி நாற்காலியிலிருந்து. "மழை வந்தாலும் கவலை இல்ல. மேல ஏத்திட்டா காஞ்சிடுது."

ரெஹானா அக்கா அறையிலிருந்து வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "உங்க பேர்ல தப்பில்ல மேடம். எனக்குத்தான் வரல" என்றார்.

"எங்கே, ஒருமுறை இழுத்துக் காட்டுங்கக்கா" என்றேன். அவர் விரலிலிருந்த ரப்பர்ப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றாவிட்டால் கயிற்றோடு பட்டையும் உருண்டு வந்துவிடும் என்றார். உள்ளங்கையின் குறுக்கே இரண்டு கோடுகள். சுண்டுவிரல் மடிப்பில் ஒரு பிளவு. மெழுகு தடவிய நூலைத் தோலின் வழியாக இழுத்து இறுக்கும் ஒவ்வொரு தடவையும் நூல் கையை அந்த இடத்திலேயே அறுக்கிறது. பட்டைகள் அதற்காகத்தான். அவர் கயிற்றைப் பிடித்தார். அது போய் உட்கார்ந்த இடம் அந்தக் கோடுதான். நான் அளந்து வைத்தாற்போல் பொருந்தியது. சைக்கிள் கேரியரோடும் கூடையோடும் இருபது கிலோவுக்குக் குறையாது.

"போதும், விடுங்க" என்றேன்.

"நேத்து கயித்த முழங்கைல சுத்தி ஏத்தினேன். பாதில நழுவிச்சு. மணி அடிச்சிக்கினே எறங்கிச்சு" என்றார்.

"நான் யாரோ விருந்தாளி வர்றாங்கன்னு பாத்தேன்" என்றார் பாபி.

இருவரும் சிரித்தார்கள். பிறகு ரெஹானா அக்கா சிரிப்பை நிறுத்தி, இன்று காலை கை பிளந்து வெள்ளை அப்பர் ஒன்றில் ரத்தம் பட்டுவிட்டது என்றும், அந்த ஜோடி போனது போனதுதான் என்றும் மெல்லச் சொன்னார். வாசலைப் பார்த்தார். "பாய் வர்றதுக்குள்ள இவுங்க யாராச்சும் ஏத்திக் குடுப்பாங்க. இன்னிக்கு ஏத்திடலாம். நாளைக்கு?" உள்ளே இருந்த மூவருக்கும் அதே கைகள்தான்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அவ்ளோ சந்தோசமா அளந்தீங்க" என்றார்.

தொழுகை முடிந்து பாய் வர ஒரு மணி நேரம் இருந்தது. இத்தகைய நேரத்தில் கை தானாக டேப்பைத் தேடும், என் கையும் தேடியது. வேகமாக அளந்தால் விடை கிடைத்துவிடும் என்ற பழக்கம் அது. அன்றுதான் முதன்முறையாக டேப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, அவரிடம் வேறு ஒன்றைக் கேட்டேன்: "அக்கா, வெளியே போய், மூட்டையோட வீட்டுக்கு வர்ற மாதிரி வாங்க."

அவர் ஒரு மூட்டையைக் கேரியரில் வைத்துச் சைக்கிளைத் தெருவிலிருந்து உள்ளே தள்ளி வந்தார். கவனித்தேன். கைப்பிடியை அவர் விரலால் பிடிக்கவே இல்லை. மணிக்கட்டை அதன்மேல் வைத்து, இடுப்பால் சீட்டை அணைத்துத் தள்ளினார். அந்தச் சைக்கிளைத் தள்ள அவருக்கு உள்ளங்கை தேவைப்படவில்லை. தள்ளுவதற்கு எந்தத் தடையும் இல்லை, தூக்குவதுதான் முடியாது. நான் கண்டுபிடித்துக் கொடுத்ததோ, தூக்குவதற்கான கருவி.

அப்படியானால் சைக்கிள் தரையில்தான் நிற்க வேண்டும். நடையிலும் நிற்கக் கூடாது. வாசலையொட்டி மாடிப்படி, அதன் அடியில் சரிவான ஓர் இடம். அங்கே நான்கு தட்டு இரும்பு ரேக் நின்றது. அது வீட்டுக்காரரின் பகுதி என்பதால் செவ்வாயன்று நான் அந்தப் பக்கம் டேப்பைக்கூட நீட்டவில்லை.

"பாபி, அந்த ரேக்கில் என்ன இருக்கு?"

"அதா? செருப்பு ரேக்கு. உங்க கடைலதான் வாங்கினோம். செருப்பு மட்டும் அதுல வெக்கல." செருப்புகள் அவர் சொன்னபடியே வாசற்படியில் குவிந்திருந்தன. ரேக்கில் பழுதான மிக்சி, பழைய செய்தித்தாள், கல்யாணத்துக்கு வந்த பிரிக்காத டப்பாக்கள். வீட்டில் எத்தனை பேர் என்று போனில் கேட்டு அந்த ரேக்கைத் தேர்ந்து அனுப்பியவளும் நானேதான். செருப்பை எந்த இடத்தில் கழற்றுவார்கள் என்று நான் கேட்டதில்லை.

ஒரே வீட்டில் என் இரண்டு பிழைகளும் எதிரெதிரே நின்றன. கீழே இருக்க வேண்டிய சைக்கிளை மேலே ஏற்றியிருந்தேன். யாரும் தொடாத, மேலே இருக்க வேண்டிய ரேக்கைக் கீழே நிறுத்தியிருந்தேன்.

ரேக்கைச் சுவரில் மேலே ஏற்றிவிட்டுப் படியடியில் சைக்கிளை நிறுத்தலாம் என்று பாபியிடம் சொன்னேன். அவர் தன் காலைப் பார்த்தார், படியடியைப் பார்த்தார், ரெஹானா அக்காவைப் பார்க்கவில்லை. "இடம் எங்களுது. அவுரக் கேக்காம எப்படிம்மா?" என்றார். பிறகு, அறையைப் பார்த்தபடி, "உழுந்தது நானு. எங்காலுக்கு எது தோதுன்னு நாந்தான் சொல்லணும். எடுத்து மாட்டு" என்றார். துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "தம்பி, உள்ள வா! தெருவையே பாத்துக்கினு நின்னா செவுரு வந்து உங்கிட்ட ஓட்ட போட்டுக்குமா?"

பிரபு மொபெட்டிலிருந்த டிரில்லோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். மூன்றாண்டுகளில் வீட்டு ஆண்கள் இல்லாத நேரத்தில் அவர் உள்ளே வந்தது அன்று ஒருமுறைதான். தையற்காரப் பெண்கள் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே அவரைக் கேலி செய்தார்கள். "டிரில்லு புடிக்கிற கை நடுங்குது பாரு!" அவர் காது சிவந்தது; ஆனால் கை நடுங்கவில்லை. ரேக்கைப் படியின் பக்கச் சுவரில், தலைக்கு மேலே, நான்கு தாங்கிகளில் ஏற்றினார். மிக்சியும் டப்பாக்களும் மேலே போயின. மொபெட்டில் எப்போதும் மாதிரிக்கு வைத்திருக்கும் தரைத் தாங்கி ஒன்று இருந்தது. வளைத்த கம்பி, அவ்வளவுதான். சக்கரம் அதன் நடுவே போய் நின்றுகொள்ளும். பார்வைக்கு எளியது என்பதால் நான் அதைச் செவ்வாயன்று காட்டக்கூட இல்லை. அதைப் படியடியில் பதித்தோம். படியின் சரிவுக்கு ஏற்ப, பின்சக்கரம் முதலில் உள்ளே போனது. உயரமான கைப்பிடி வெளிப்பக்கம் நின்றது. செங்கல் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோதே வாசலில் பாயின் செருப்புச் சத்தம் கேட்டது.

பிரபு அனிச்சையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாய் உள்ளே வந்தார். நிமிர்ந்து உத்தரத்துத் துணியைப் பார்த்தார். இடப்பக்கம் தன் படியடியில் நின்ற சைக்கிளைப் பார்த்தார். ரெஹானா அக்கா தன் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டார்.

"நடைல சைக்கிள் இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றார் பாபி. "இருக்குதா, பாருங்க."

பாய் நடையில் இறங்கி, இரண்டு கைகளையும் பாதி விரித்து, விரல்நுனி இருபக்கச் சுவரிலும் உராய, அறைக்கதவு வரை நடந்தார். திரும்பியும் அப்படியே வந்தார். பிறகு படியடியில் குனிந்து, தோலில் குறை தேடுகிறவரைப் போலத் தாங்கியின் கம்பியை விரலால் தடவினார்.

"பெடலு வெளிய நீட்டிக்கினு இருக்குது" என்றார். "செவுத்துப் பக்கம் திருப்பி வெக்கணும். தெனமும்."

ரெஹானா அக்கா காலால் பெடலைச் சுற்றி உள்பக்கம் தள்ளினார். 'தினமும்' என்ற சொல்லை அவர் கேட்டுவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பேரணாம்பட்டுக்கு எந்த லாரியும் போகப் போவதில்லை.

கப்பித் தாங்கியைக் கழற்றட்டுமா என்று நான் கேட்டதற்குப் பாபி என்னை அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எதுக்கு? அதுல துணி இருக்குது இல்ல?" என்றார். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இனி நோட்டில் நான் சேர்த்த கட்டத்துக்கு வருகிறேன். நீளம், அகலம், உயரம், சுவரின் வகை ஆகியவற்றுக்குப் பின் 'கை' என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சைக்கிளைத் தினமும் தள்ளிவந்து நிறுத்துகிறவர், அந்த ரேக்கிலிருந்து தினமும் எடுத்து வைக்கிறவர், அவர் கை. வலிக்கிறதா, எட்டுகிறதா, குழந்தையைச் சுமந்திருக்கிறதா, ஒரு கைதான் காலியாக இருக்கிறதா. கேட்டால் சொல்ல மாட்டார்கள். நம் ஊர்ப் பெண்கள், சந்தோஷமாக வந்த ஒருத்தியின் முகம் வாடக் கூடாது என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்வார்கள். ஆகவே டேப்பை எடுப்பதற்கு முன்பு, ஒருமுறை உள்ளே வந்து காட்டச் சொல்லுங்கள். அந்தக் கட்டம் நிரம்பாத பக்கத்தைப் பிரபுவிடம் கொடுக்காதீர்கள்; அவரும் வாங்கமாட்டார்.

சென்ற வாரம் விடைபெற்று வரப் போனேன். ரெஹானா அக்கா அப்போதுதான் மூட்டையோடு வந்துகொண்டிருந்தார். வாசலிலேயே என்னிடம் பேச்சைத் தொடங்கிவிட்டார். சென்னையில் யார் வீட்டில் தங்குவேன், சாப்பாட்டுக்கு என்ன செய்வேன், அங்கே தண்ணீர் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டபடியே சைக்கிளை இடுப்பால் பின்னோக்கி ஒரு தள்ளுத் தள்ளினார். பின்சக்கரம் கம்பிக்குள் போய் நின்றது. கால் தானாகப் பெடலைச் சுவர்ப் பக்கம் திருப்பியது. கேள்விகள் நடுவில் நிற்கவில்லை. சைக்கிளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.